செக் விழாவுக்குச் செக்காரர்கள் மட்டுமே வருகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் செக் குடியரசின் பிர்னோ நகரத்துக்காரர். நாங்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் இருக்கிறோம். இங்குள்ள செக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை நகரப் பூங்காவில் 'செக் கலாசார நாள்' போடுவார்கள். நாட்டுப்புற உடையில் நடனம், ஒலிபெருக்கியில் த்வோர்ஷாக் இசை, தூதரகத்திலிருந்து ஒருவர் வரவேற்புரை, பிராக் படங்கள் ஒட்டிய பலகைகள், பியர் ஸ்டால். போன முறை வந்தவர்களில் முக்கால்வாசி எங்கள் குடும்பங்கள்தான். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வரும் ஜூன் விழாவை ஒருங்கிணைக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். பட்ஜெட் சின்னது. வெளியாட்களை எப்படி வரவைப்பது? தூதரகத்திடம் பணம் கேட்கலாமா? இன்னொன்று: தமிழ்ப்பெண்ணான நான் முன்னால் நின்று செக் கலாசாரத்தை அறிமுகப்படுத்துவது பொருத்தமாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருப்பது ஒரு விழா இல்லை, இரண்டு விழா. ஊரை விட்டு வந்த குடும்பங்கள் ஒன்றுகூடி, பாட்டி தைத்துக் கொடுத்த உடையைப் போட்டுக்கொண்டு, தங்கள் மொழியில் பாடி, தங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுவது ஒன்று. அது அவர்களுக்கு வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஊர் மக்களுக்குச் செக் கலையைக் காட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால் இரண்டாவதுதான் தோற்கும். மைக் பிடித்தவர் தெரிந்த முகங்களைப் பார்த்துத்தான் பேசுவார். பாதி அறிவிப்பு செக் மொழியில் போகும். யாரோ யாரையோ கிண்டல் செய்ய, முன்வரிசை சிரிக்கும். பின்னால் நிற்கிற ஊர்க்காரர், தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்குள் தவறி நுழைந்தவர்போல இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார்.

அதனால் கமிட்டியிடம் முதலில் பாகப்பிரிவினை பேசுங்கள். பகல் பூங்காவில், ஊருக்காக. மாலை பள்ளிக்கூட ஹாலில், உங்கள் குடும்பங்களுக்காக. வரவேற்புரை, பிள்ளைகளுக்குச் சான்றிதழ், நன்றியுரை, பழைய பாட்டு எல்லாவற்றையும் மாலைக்குத் தள்ளுங்கள். ஹால் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, பெரிய செலவில்லை. பெரியவர்களின் மனமும் கோணாது. பகலில் யாரும் யாரையும் வரவேற்க வேண்டாம். பூங்காவுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்தவர்தான் உங்கள் பார்வையாளர். அவர் விழாவுக்கு வரவில்லை. விழாதான் அவர் வழியில் வந்து நிற்க வேண்டும்.

செக்காரர்களுக்கு இந்த வித்தை கைவந்த கலை. கமிட்டியில் யாராவது முரண்டு பிடித்தால் அவர்கள் நாட்டு வரலாற்றையே எடுத்துக் காட்டலாம். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கம் மிகச் சிறந்த அரங்கம் என்ற பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அங்கே கூட்டம் அலைமோதியது 'லதெர்னா மகிகா' காட்சிக்கு. இயக்குநர் அல்ஃப்ரெட் ராதொக்கும் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வொபொதாவும் சேர்ந்து உருவாக்கியது. திரையில் படம் ஓடும், அதே நேரம் மேடையில் ஆட்கள் ஆடுவார்கள், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெண், திரையில் இருக்கிற தன்னோடு தானே வேறு வேறு மொழிகளில் உரையாடினார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, மொழிச் சிக்கலே வேடிக்கையாகிவிட்டது. (அந்தப் பெருமையை எடுத்துக்கொண்ட அதே அரசு, இரண்டே ஆண்டில் ராதொக்கை அங்கிருந்து வெளியேற்றியது. அரசுகளும் கலைஞர்களும் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

1967 மான்ட்ரியால் கண்காட்சியில் ராதூஸ் சின்செரா செய்த 'கினோஆட்டோமாட்' இன்னொன்று. நாற்காலிக்கு நாற்காலி இரண்டு பொத்தான். படம் முக்கியமான கட்டத்தில் நிற்கும். நடிகர் மிரொஸ்லாவ் ஹொர்னிச்செக் திரை முன்னால் வந்து, அடுத்து இவன் என்ன செய்யட்டும் என்று கேட்பார். பார்வையாளர்கள் ஓட்டுப் போட, பெரும்பான்மைப்படி கதை நகரும். அப்புறம் 2012 லண்டன் ஒலிம்பிக். இஸ்லிங்டனில் செக் ஒலிம்பிக் இல்லத்தின் வாசலில் சிற்பி டாவிட் செர்னி ஒரு பழைய சிவப்பு டபுள் டெக்கர் பஸ்ஸுக்கு இரண்டு பெரிய கைகளைப் பொருத்தி, அது முக்கி முனகிக்கொண்டு தண்டால் எடுக்கிற மாதிரி வைத்தார். லண்டன்காரர்களின் பஸ், செக்காரரின் குறும்பு. தெருவில் போகிற எவரும் நின்று பார்த்தே தீர வேண்டும்.

இந்த மூன்றிலும் நாட்டைப் பற்றி ஒரு பாடமும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள்தொகை இவ்வளவு, கோட்டைகள் இத்தனை என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. வந்தவர் சிரித்தார், பொத்தானை அழுத்தினார், வாய் பிளந்தார். இது யார் வேலை என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. உங்கள் பிராக் படப் பலகைகள் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. எடுத்துவிடுங்கள்.

குறும்புக்கும் எல்லை உண்டு. அதே செர்னி 2009-இல், செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தலைமை வகித்தபோது, பிரஸ்ஸல்ஸ் கவுன்சில் கட்டடத்தில் 'என்ட்ரோபா' என்று ஒரு பிரம்மாண்டமான படைப்பை வைத்தார். 27 நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து செய்தது என்று அறிவித்தார்கள். உண்மையில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. பல்கேரியாவைக் குந்து கழிப்பறையாகக் காட்டியிருந்தார். பல்கேரியா கொதித்தது, அந்தப் பகுதியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். எனக்கு அந்தப் படைப்பு பிடிக்கும். ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் தன்னைக் கிண்டல் செய்துகொள்வது ஒரு ரகம், அடுத்தவரைச் செய்வது வேறு ரகம். நகரப் பூங்காவுக்கு முதல் ரகம் போதும்.

சரி, உங்கள் பூங்காவுக்கு வருவோம். என்னிடம் விட்டால் பொம்மலாட்டத்தை நடுவில் வைப்பேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றி. செக், ஸ்லோவாக் பொம்மலாட்டம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உலகப் பொம்மலாட்டக் கலைஞர்களின் அமைப்பான யூனிமா தொடங்கியதே 1929-இல் பிராக் நகரத்தில்தான். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கலை பிறந்ததே வழியில் போகிறவரை நிறுத்துவதற்காக. 19ஆம் நூற்றாண்டில் மாத்தியேய் கொபெட்ஸ்கி போன்றவர்கள் வண்டியில் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கூட்டம் சேர்ந்தால்தான் அன்றைய சோறு.

பொம்மையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பழைய செக் பொம்மைகளின் தலை உச்சியில் ஒரு கம்பி இறங்கும். பாரம் முழுவதும் அதில்தான் தொங்கும். கைக்கு நூல். அதனால் நடை கொஞ்சம் வெட்டி வெட்டி, திமிராக இருக்கும். முழுக்க நூலில் ஆடும் பொம்மையின் மிதப்பு இதில் கிடையாது. கால் மரத்தரையில் தட்டும் சத்தம் கேட்கும். கோமாளி காஷ்பாரெக் வந்து நின்று தலையை ஒரு திருப்பு திருப்பினால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பிசாசு உண்டு. நீர்ப்பூதம் வொத்னிக் உண்டு: பச்சை உடம்பு, கோட்டின் ஓரத்திலிருந்து எப்போதும் சொட்டும் தண்ணீர். மூழ்கி இறந்தவர்களின் உயிரைக் குளத்தடியில் மூடி போட்ட கோப்பைகளில் அடைத்து வைத்திருப்பவன். உங்கள் பூங்காவில் குளம் இருந்தால் மேடையை அதன் கரையில் போடுங்கள். நாலு மூடிபோட்ட கோப்பைகளைப் பக்கத்தில் வையுங்கள், என்னவென்று எழுத வேண்டாம். திறந்து பார்க்காத பிள்ளை இருக்காது.

ஒரு மணி நேர நாடகம் வேண்டாம். கால் மணி நேரக் காட்சி, அரை மணிக்கு ஒரு தடவை. செக் அரசின் கலாசார அமைப்பான செக் மையங்கள் நடத்துகிற 'இலக்கிய இரவு' நிகழ்ச்சியில் இந்த முறைதான். நகரத்தின் எதிர்பாராத இடங்களில் நடிகர்கள் புத்தகத்திலிருந்து கொஞ்சம் வாசிப்பார்கள், இடைவெளி விட்டு அதையே மறுபடி வாசிப்பார்கள், கேட்பவர்கள் இடம் விட்டு இடம் நடந்துகொண்டிருப்பார்கள். தாமதமாக வந்தோமே என்ற கவலை யாருக்கும் இல்லை. காட்சி முடிந்ததும் பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் ஓடிவிடக் கூடாது. பொம்மையைக் கையில் கொடுத்து நடக்கவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். சிலர் தங்கள் நல்ல பொம்மையைத் தர மாட்டார்கள், நியாயம்தான். பழகிப்பார்க்க வேறு பொம்மை கொண்டுவரச் சொல்லுங்கள்.

உடையை மேடையில் வரிசையாகக் காட்டுவதை நிறுத்துங்கள். தெற்கு மொராவியப் (உங்கள் கணவரின் பிர்னோ இருக்கிற பகுதி) பெண்கள் உடை கஞ்சி போட்ட அடுக்குப் பாவாடைகள், நிறைய எம்பிராய்டரி. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்ணக் கலவை. ஜூன் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் வாடிவிடுவார்கள். அதற்குப் பதிலாக உடுத்துவதையே நிகழ்ச்சியாக்குங்கள். மரத்தடியில் ஒரு பெஞ்ச், ஒரு பெண், அவருக்கு உடுத்திவிடும் ஒரு பாட்டி. ஒவ்வொரு அடுக்காகப் போடுவதையும், சிவப்புப் பூப்போட்ட தலைத்துணியை மடித்து இழுத்துக் கட்டுவதையும் ஜனங்கள் முன்னால் செய்யட்டும். தனியாளாக உடுத்தவே முடியாத உடை அது. பார்க்கிற பெண்கள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள், பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அதன் பக்கத்தில் அச்சு மேசை போடலாம். மொராவியாவில் ஸ்ட்ராஷ்னிட்ஸே, ஒலெஷ்னிட்ஸே ஊர்களில் இன்றும் நீல அச்சுத்துணி செய்கிறார்கள். அச்சுக்கட்டையால் பசையை ஒற்றி, அவுரி நீலத்தில் முக்கி எடுத்துக் கழுவினால் பசை இருந்த இடம் வெள்ளைப் பூவாக நிற்கும். இதுவும் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாயத்தொட்டியைப் பூங்காவுக்குக் கொண்டுபோக முடியாது. மரக்கட்டையும் நீல மையும் காகிதமும் போதும். ஆளுக்கு ஒன்று அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

இசைக்கு வருகிறேன். ஒலிபெருக்கியில் த்வோர்ஷாக் போட்டால் அவர் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடுவார். இந்த மனிதர் 1892 முதல் 1895 வரை நியூயார்க்கில் இசைப்பள்ளி நடத்தி, 1893 டிசம்பரில் கார்னகி ஹாலில் தன் 'புதிய உலகம்' சிம்பொனியை அரங்கேற்றியவர். செக் இசைக்கு வெளிநாட்டில் அவரைவிடப் பெரிய தூதர் கிடையாது. அவரைத் தந்தூரி சிக்கன் கடை வாசல் பாட்டுபோல ஓடவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளூர் இசைக் கல்லூரியில் நாலு மாணவர்களைப் பிடியுங்கள். அதே 1893 கோடையில் அயோவாவின் ஸ்பில்வில் என்ற செக் குடியேற்றச் சிற்றூரில் அவர் எழுதிய 'அமெரிக்க' நால்வர் இசையிலிருந்து ஒரு பகுதியைப் புல்வெளியில் உட்கார்ந்து வாசிக்கட்டும். த்வோர்ஷாக் 1904-இல் இறந்துவிட்டார், இன்னொரு செக் இசையமைப்பாளர் யானாச்செக் 1928-இல். நேரில் வாசித்தால் இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை கிடையாது. ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. மற்றொரு செக் இசையமைப்பாளர் மார்ட்டினூ 1959-இல்தான் இறந்தார் என்பதால் அவருடைய இசைக்கு 2029 முடியும்வரை உரிமை இருக்கிறது.

உங்கள் கணவர் பிர்னோக்காரர் என்பதால் சிம்பலோம் (குச்சியால் தட்டி வாசிக்கிற தந்திக் கருவி) வேண்டும் என்று கட்டாயம் கேட்பார். அருமையான கருவி. ஆனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டும், வேன் வேண்டும், வெயில் பட்டால் சுருதி இறங்கிவிடும். நிழலும் சமதரையும் கிடைத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு அக்கார்டியன் போதும், போல்கா சொல்லிக்கொடுக்கலாம். போல்கா 1830களில் செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் கிளம்பி ஐரோப்பா முழுவதையும் பிடித்த ஆட்டம். ரெண்டு கால் இருக்கிற யாரும் பத்து நிமிடத்தில் ஆடிவிடுவார்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு வேண்டுகோள்: கம்பியில் சுற்றிச் சுடுகிற அந்த 'ட்ரெடெல்னிக்' ரொட்டியைப் 'பழைய பொஹீமியப் பலகாரம்' என்று எழுதி விற்காதீர்கள். பிராகில் அது சுற்றுலாக்காரர்களுக்காகப் பெருகிய சமாச்சாரம். புவிசார் பாதுகாப்பு வாங்கி வைத்திருப்பது ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்ஸா ஊர். கொலாச்சே சுடுங்கள், பாப்பி விதையும் பிளம் ஜாமும் வைத்து. பியர் விற்பதற்குப் பூங்காவுக்கே உரிமம் இருக்கிறதா என்று நகரசபையிடம் கேளுங்கள். இல்லையென்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். அதன்படி ஒரே நேரத்தில், உங்கள் ஆட்களையும் சேர்த்து, 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள்.

போஸ்டரில் செக் கார்ட்டூன் பாத்திரமான அகழெலி கிர்ட்டெக்கைப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம். ஸ்தெனெக் மிலர் 1957-இல் உருவாக்கிய அந்த எலியை உலகமே கொண்டாடுகிறது. 2011-இல் ஒரு பொம்மை விண்வெளிக்குக்கூடப் போனது. ஆனால் அதே ஆண்டு மிலர் இறந்ததிலிருந்து உரிமை விஷயத்தில் வழக்குமேல் வழக்கு. அனுமதி எழுத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

யார் கலாசாரம் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. செக் குடியரசிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்களில் நிறைய ரோமா குடும்பங்கள் ('ஜிப்சிகள்' என்று ஒதுக்கப்பட்டுவந்த சமூகம்) உண்டு. உங்கள் சனிக்கிழமைப் பள்ளியில் அவர்கள் இருக்கிறார்களா? விழாவில்? இல்லையென்றால் போய்க் கூப்பிடுங்கள். கமிட்டியில் சிலர் முகம் சுளிக்கலாம். உங்கள் கணவர் ஊரிலேயே 1991 முதல் ரோமா கலாசார அருங்காட்சியகம் இருக்கிறது, பிராகில் ஆண்டுதோறும் ரோமாக்களுக்கென்றே 'கமோரோ' விழா நடக்கிறது. செக் நாடே தன் கலை என்று காட்டுவதை ஒரு பூங்கா விழா ஒளிக்க வேண்டியதில்லை. ஸ்லோவாக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மலாட்டப் பட்டியலிலேயே இரண்டு நாடும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வியட்நாமியர்கள் செக் நாட்டில் பெருங்கூட்டம். இன்றைய பிராக்வாசிக்கு 'ஃபோ' சூப் வெளிநாட்டுச் சாப்பாடே இல்லை. இத்தனை பேருக்கு இடம் இருக்கிற வீட்டில் மருமகளுக்கு இல்லையா? பிராகில் 1927-இல் பிறந்த தமிழறிஞர் கமில் சுவலபில் சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார், சங்கப் பாட்டை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சொல்லிக்கொடுத்தார். நீ யார் தமிழைப் பேச என்று நாம் கேட்கவில்லை. நீங்கள் தாராளமாக முன்னால் நில்லுங்கள். செக்காரர் பேசினால் ஊர்க்காரர் மரியாதைக்குக் கேட்பார். நீங்கள் பேசினால், 'எனக்கும் முதலில் இது புரியவில்லை' என்று தொடங்கலாம். அந்த வசதி கமிட்டியில் வேறு யாருக்கும் இல்லை. ஒன்று மட்டும்: சேலை கட்டிக்கொண்டு பரதநாட்டியத்தையும் நடுவில் செருகச் சொல்வார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள்.

பணம். வெளிநாட்டுச் செக் சங்கங்களுக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் நிதியுதவி தருகிறது. தூதரகம் வழியாகக் கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் நிகழ்ச்சிக்கு வெகுமுன்பே போக வேண்டிய சங்கதி, இந்த ஜூனுக்கு அதை நம்பாதீர்கள். பணத்தைவிடப் பொருளும் ஆளும் கேட்பது சுலபம். 1993 முதல் அதே அமைச்சகத்தின் கீழ் இயங்குகிற செக் மையங்களில் ஒன்று லண்டனில் இருக்கிறது. அவர்கள் உங்கள் பூங்காவுக்கு வந்து விழா நடத்தித் தர மாட்டார்கள். ஆனால் இசைக்குழுவோ பொம்மலாட்டக்காரரோ லண்டனுக்கு வரும்போது விமான டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஒரு நாள் கூடுதலாகத் தங்கவைத்து ரயிலில் உங்கள் ஊருக்கு வரவழைத்தால் உங்களுக்கு ரயில் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் ஒரு படுக்கையும்தான் செலவு. விழாத் தேதியை முடிவுசெய்யும் முன் அவர்களுடைய மே, ஜூன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். பூங்காவில் தேதி மாற்றுவது சுலபம், கலைஞரின் தேதியை மாற்றுவது கஷ்டம். சம்பளம் என்றது கவனத்தில் இருக்கட்டும். 'விளம்பரம் கிடைக்கும்' என்று சொல்லி யாரையும் சும்மா ஆடவைக்காதீர்கள்.

திறந்தவெளித் திரைப்படம் போடும் யோசனை வந்தால் ஜூனில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. அதை நூலகத்தோடு பேசி இலையுதிர்காலத்துக்கு வையுங்கள், உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு. டிசம்பர் 5 மாலை மிக்குலாஷ் வருவார்: தாடி வைத்த ஆயர், கூடவே ஒரு தேவதை, சங்கிலி இழுக்கிற ஒரு பிசாசு. கடைத்தெருவில் அந்த மூவரும் சும்மா நடந்துபோனாலே போதும். பிசாசு வேஷம் போடுகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மூன்று வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளை பக்கத்தில் வந்தால் சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொள்ளச் சொல்லி.